எங்கே போகிறாய் என்று கேட்கிற ஒமுர்சாக்

“எங்கடா போறீங்க?”

போன குளிர்காலத்தில், பொழுது சாய்கிற நேரம், நானும் என் சித்தப்பா மகனும் தோளில் துப்பாக்கியோடு ஊர்ப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்ற ஒமுர்சாக் இப்படிக் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. போகிற இடம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் துப்பாக்கியோடோ பொறியோடோ கிளம்புகிறவனைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் வேட்டை கெட்டது, பதில் சொன்னால் அடியோடு கெட்டது. சித்தப்பா மகன் பனியில் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கே திரும்பி நடந்தான்.

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒமுர்சாக் ஆடு மேய்ப்பவர். ஊரார் ஆடுகளையும் தன் ஆடுகளையும் ஒரே மந்தையாக ஓட்டுவார். கோடையில் மேலே புல்வெளி. பனி இறங்கியதும் கரா-புலுங் மலையடியில் கிடை. கல்லடுக்கிய பட்டி, தகரக் கூரை போட்ட ஓர் அறை, வறட்டி அடுக்கிய சுவர், அவ்வளவுதான். மனைவி சூராகான் கூட இருந்தாள். ஒரே மகன் மாஸ்கோவில் ஏதோ கட்டடத்துக்கு வெளியே பனி தள்ளிக்கொண்டிருந்தான். “நீயும் வந்துருப்பா, ரெண்டு பேரும் தள்ளலாம்” என்று போனில் சொல்வான். அதைக் கேட்ட நாட்களில் ஒமுர்சாக்குக்குச் சோறு இறங்காது.

மேய்ப்பவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மந்தையில் ஊரார் ஆடு ஒன்று தொலைந்தால், தன் ஆட்டில் ஒன்றைக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். அதனால் ஊளைக்காரன் யார் ஆட்டைத் தின்றாலும் குறைவது ஒமுர்சாக்கின் ஆடுதான். ஊளைக்காரன் என்றால் ஓநாய். குளிர்காலத்தில் அதன் பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாகிவிடும் என்று நாங்கள் சொல்வதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அது பெயர் சொல்லாமலே வந்தது. பெரிய கூட்டம். முதலில் நாயைத் தந்திரமாக வெளியே இழுத்துக் கொன்றது. பிறகு பட்டிக்குள் இறங்கியது. தின்றது கொஞ்சம், கடித்துப் போட்டது நிறைய. கைவிளக்கோடு காவல் இருந்து பார்த்தார். விளக்கைக் கண்டாலே அவை தலையைத் திருப்பிக்கொண்டு ஓடின. விளக்கோடு துப்பாக்கியும் வரும் என்பது அவற்றுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. இப்படியே போனால் வசந்தத்தில் குட்டி போட ஆடு மிஞ்சாது. ஆடு மிஞ்சாவிட்டால் மாஸ்கோவும் பனி தள்ளுகிற வேலையும்தான்.

ஒமுர்சாக் தன் இரண்டு குதிரைகளில் சினையாக இருந்ததை விற்றார். இருட்டில் பார்க்கிற கண்ணாடி வாங்கத் தலைநகரான பிஷ்கெக்குக்குப் பஸ் ஏறினார்.

கடையில் இருந்தவள் நூரிசா என்ற இளம்பெண். சூரியகாந்தி விதை கொறித்தபடியே பேசுவாள். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

“அண்ணே, இருட்டுல பாக்குறதுல ரெண்டு ஜாதி இருக்கு. இது தெர்மல். உடம்புச் சூட்டைப் பாக்கும். வெளிச்சமே வேணாம். எதிர்மலைச் சரிவுல ஒரு முயல் உக்காந்திருந்தாலும் பொட்டு மாதிரி மின்னும். இது நைட்விஷன். இதுக்குள்ளயே ஒரு விளக்கு இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாது. ரொம்ப தூரம் பாக்காது. பனி கொட்டுனா ஒண்ணும் தெரியாது. ஆனா பாத்தா பாத்ததுதான். மயிரு, காது, வாலு, சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரியும்.”

“எது நல்லது?”

“எதுக்கு நல்லதுன்னு கேளுங்க. தெர்மல் அங்க ஏதோ இருக்குன்னு சொல்லும். நைட்விஷன் அது யாருன்னு சொல்லும். என்னைக் கேட்டா, கையில வச்சுப் பாக்க ஒரு சின்ன தெர்மல், துப்பாக்கி மேல ஒரு நைட்விஷன். உங்க கையில இருக்குற காசுக்கு ரெண்டும் சுமாரானது கிடைக்கும். இல்லன்னா துப்பாக்கி மேல மாட்டுற நல்ல தெர்மல் ஒண்ணே ஒண்ணு.”

ஒமுர்சாக் நல்ல தெர்மலை எடுத்துக் கண்ணில் வைத்து, கடையின் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தெருவே இல்லை. சன்னல் கண்ணாடியில் அவருடைய முகம் மட்டும் மங்கலாக எரிந்தது.

“கெட்டுப்போனதைக் குடுக்குறியா?”

அவள் சிரித்துவிட்டாள். “கண்ணாடிய ஊடுருவிப் பாக்காதுண்ணே. சூடு அதைத் தாண்டாது. துணியும் அப்படித்தான். இங்க என்னைப் பாருங்க.” தடித்த கம்பளிச் சால்வையைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். தெர்மலுக்குள் அவள் உடம்பு காணாமல் போய், மூக்கும் கன்னமும் மட்டும் அந்தரத்தில் மின்னின. ஒமுர்சாக்கும் சிரித்தார். வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

யோசித்துப் பார்த்தார். இரண்டு சாமான் என்றால், உறைகிற குளிரில் இரண்டு முறை கையுறையைக் கழற்ற வேண்டும். இரண்டு பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும். ஒன்றைக் கீழே வைத்து இன்னொன்றை எடுப்பதற்குள் ஊளைக்காரன் மலை ஏறியிருப்பான். நைட்விஷன் விளக்கின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அதை முன்னால் இருந்து பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளி தெரிகிறது. விளக்கைப் படித்துவிட்ட கூட்டம் அதையும் படித்துவிடும். அவர் நினைத்ததில் ஒன்றும் பொய்யில்லை. ஒற்றைத் தெர்மலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தார்.

முதலில் அதைப் பார்க்க வந்தவர் தாயிர்பெக். இவருடைய கிடைக்கு அடுத்த கிடை அவருடையது. இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். எங்கள் வழக்கில் அப்படிப்பட்டவர்களைக் குர்தாஷ் என்போம். குர்தாஷ் எதை வேண்டுமானாலும் சொல்லித் திட்டலாம், கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் அவமானம். சின்ன வயதில் குதிரையைத் தூணில் கொண்டுபோய் மோதியதற்காக ஒமுர்சாக்குக்குத் தாயிர்பெக் வைத்த பெயர் ‘குருட்டுக் கழுதை’.

“குருட்டுக் கழுதைக்குக் கண்ணாடி வந்துருச்சா? குதிரைய வித்து ஒரு குழாய் வாங்கியிருக்கே. குழாயில ஏறி மந்தை ஓட்டுவியா?”

“உன் துருப்பிடிச்ச பொறிய விட இது மேலுடா. நீ பொறிய வச்சுட்டு மாசக்கணக்கா கும்பிட்டுக்கிட்டு இரு.”

தாயிர்பெக் பொறிக்காரர். அவர் பாட்டனும் பொறிக்காரன் என்பார்கள். ஒமுர்சாக் தேநீரை உறிஞ்சியபடி கடையில் நடந்த சால்வை வேடிக்கையைச் சொன்னார். தாயிர்பெக் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“அப்படின்னா என் கம்பளி அங்கியப் போட்டுக்கிட்டு வந்து உன் ஆட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போயிருவேன். நீ குழாய வச்சுப் பாத்துக்கிட்டே இரு. உனக்கு என் மூக்கு மட்டும்தான் தெரியும்.”

“உன் மூக்கு தெரிஞ்சா போதும். பட்டிக் கதவு அளவுக்கு இருக்கு, கண்டுபிடிச்சிருவேன்.”

சூராகான் சிரிப்பை அடக்க முடியாமல் தேநீர்ப் பானையோடு வெளியே போனாள்.

தெர்மல் வேலை செய்தது. அதை மறைக்கக் கூடாது. அதே மாதத்தில் இரண்டு ஓநாய் விழுந்தது. குளிர்கால மயிர் அடர்ந்த ஓநாய் அந்தக் கண்ணாடியில் முழுதாக எரியாது. உடம்பு சாம்பலாக மங்கும், முகம் மட்டும் தணலாகத் தெரியும். தணலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைக்க வேண்டும் என்று ஒமுர்சாக் பழகிக்கொண்டார்.

வேட்டையோடு திரும்புகிறவனைப் பார்த்தால் எங்கள் ஊரில் “ஷிரல்கா!” என்று கத்துவோம். முதலில் கத்தியவருக்குப் பங்கு. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், இல்லை என்று சொல்ல வேட்டைக்காரனுக்கு உரிமை கிடையாது. மான் என்றால் கறி. ஓநாய் என்றால் பல், நகம், கணுக்கால் எலும்பு. தொட்டிலில் கட்டினால் குழந்தைக்கு எதுவும் அண்டாது. அந்த இரண்டு முறையும் முதலில் கத்தியவள் தாயிர்பெக்கின் மனைவி அசில்கான். அவர்கள் கிடையைத் தாண்டித்தான் ஒமுர்சாக்கின் கிடைக்கு வழி. மகள் மாசமாக இருந்தாள், தொட்டிலுக்கு நகம் வேண்டும்.

“அண்ணே, ஷிரல்கா! ஒளிச்சு வைக்காதீங்க, நான்தான் முதல்ல பாத்தேன்!”

“உன் கண்ணுக்கு முன்னால என் தெர்மல் பிச்சை எடுக்கணும் தங்கச்சி. இந்தா, எடுத்துக்கோ.”

மிஞ்சிய கூட்டம் ஒமுர்சாக்கின் பட்டியை விட்டு விலகியது. விலகி, தாயிர்பெக் பக்கம் போனது. ஓடைப் பள்ளத்தில் அவர் வீட்டில் பால் கறக்கிற பெண்குதிரையைக் கிழித்துப் போட்டது. வயிற்றில் பாதியைத் தின்றிருந்தது. மீதியைத் தின்னத் திரும்பி வரும். இது எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் தாயிர்பெக் ஒமுர்சாக்கிடம் தேநீர் குடிக்க வந்தார். குதிரையைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவருடைய கைகளில் தேவதாரு வாசனை அடித்தது. சாவு விழுந்த வீட்டில் தேவதாரு புகை போடுவது வழக்கம். குதிரை செத்ததற்குப் போட்டிருப்பான் என்று ஒமுர்சாக் நினைத்துக்கொண்டார். இரும்பு வாசனை போகப் பொறியைத் தேவதாரு இலையில் வேகவைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு மனம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒமுர்சாக்கின் சட்டைக்குள் அக்குளில் தெர்மல் பேட்டரி இருந்தது. குளிரில் சாகாமல் இருக்க உடம்புச் சூட்டில் வைத்திருந்தார்.

“என்னடா அங்க புடைச்சிருக்கு? முட்டை அடைகாக்குறியா?”

“கட்டிடா. வயசாச்சுல்ல.”

“எனக்கும் உனக்கும் ஒரே வயசு. எனக்கு ஒரு கட்டியும் இல்லையே.”

“உனக்கு இருக்க வேண்டியதெல்லாம் மூக்குலயே இருக்கே.”

இருவரும் சிரித்தார்கள். அவன் இன்று வெளியே போவான் என்று இவருக்குத் தெரியும். இவன் போவான் என்று அவருக்கும் தெரியும். ஒமுர்சாக் தன் பட்டிக்கு மேலே உள்ள மேட்டில் வழக்கம்போலக் காவல் இருப்பான் என்று தாயிர்பெக் நினைத்தார். தாயிர்பெக் கணவாய்த் தடத்தில் பொறி வைப்பான், செத்த குதிரை அருகே மனித வாடை படவிடமாட்டான் என்று ஒமுர்சாக் நினைத்தார். “எங்க போறே?” ஒரு கேள்விதான். நாக்கு நுனியில் இருந்தது. இருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை.

இருட்டிய பிறகு ஒமுர்சாக் குதிரையை வெகுதூரத்தில் கட்டிவிட்டு, ஓடைப் பள்ளத்துக்கு எதிர்மேட்டில் படுத்தார். நிலா இல்லை. காற்று முகத்தை அறுத்தது. தெர்மலில் பனி கறுப்பாகவும், செத்த குதிரையின் வயிறு இன்னும் ஆறாத அடுப்பு மாதிரி மங்கலாகவும் தெரிந்தன.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பள்ளத்துக்குள் ஏதோ நகர்ந்தது. தணல் போல ஒரு சின்ன முகம். அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் தாழ்ந்த உடம்பு. நாலு காலில் ஊர்ந்து வந்து குதிரையின் பக்கத்தில் தலையைத் தாழ்த்தியது. தூக்கியது. மறுபடி தாழ்த்தியது.

வாலைப் பார்க்கலாம் என்று ஒமுர்சாக் காத்திருந்தார். வால் தெரியவில்லை. அது திரும்பட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் கண்ணாடியின் ஓரத்தில் பேட்டரிக் குறி சிவந்து துடிக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்துவிடும். மாஸ்கோ நினைவுக்கு வந்தது. விற்ற குதிரை நினைவுக்கு வந்தது. தணலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்துச் சுட்டார்.

ஊளை வரவில்லை. ஓர் ஆள் இருமுவது போலச் சத்தம் வந்தது.

பள்ளத்துக்குள் விழுந்து எழுந்து ஓடினார். கைவிளக்கு வெளிச்சத்தில் தாயிர்பெக் குதிரையின் வயிற்றில் சாய்ந்து கிடந்தார். ஆட்டு மயிரை மிதித்துச் செய்த அந்தத் தடித்த கம்பளி அங்கி கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியிருந்தது. மனிதக் காலடி விழக்கூடாது என்று பொறிக்காரர்கள் அங்கியோடு முட்டி போட்டு ஊர்ந்துதான் போவார்கள். வாடை வராமல் அங்கியில் ஆட்டுச் சாணம் தேய்த்திருந்தது. ஓநாய்க்குத் தெரியக்கூடாது என்று அவர் எவ்வளவு நன்றாக மறைந்தாரோ, அவ்வளவுக்குக் கண்ணாடியில் ஓநாயாகவே ஆகியிருந்தார்.

“குருட்டுக் கழுதை” என்றார் தாயிர்பெக். கோபம் இல்லை. எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான்.

ஒமுர்சாக் மண்டியிட ஓடி வந்தார். தாயிர்பெக் கையைத் தூக்கித் தடுத்தார்.

“அங்க கால் வைக்காதே. பொறி இருக்கு... சுத்தி வா.”

சுற்றி வந்து தலையை மடியில் எடுத்து வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

விடிகிற நேரம். மூடுபனி. ஒமுர்சாக் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றித் தாயிர்பெக்கைச் சுற்றி, தன் குதிரையின் முதுகில் குறுக்காக வைத்துக் கட்டினார். தாயிர்பெக்கின் குதிரை எங்கே கட்டியிருக்கிறது என்று தேடத் தோன்றவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வெறும் சட்டையோடு நடந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார்.

அசில்கான் வறட்டி எடுக்க வெளியே வந்திருந்தாள். மூடுபனிக்குள் ஒமுர்சாக்கின் குதிரை தெரிந்தது. அதன் முதுகில் கனமாக ஏதோ தொங்குவதும் தெரிந்தது. கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டினாள்.

“ஷிரல்கா! அண்ணே, ஷிரல்கா! பெருசா இருக்கே!”

ஒமுர்சாக் நின்றார். குதிரையும் நின்றது.

“என்னண்ணே, பங்கு குடுக்க மனசில்லையா? அவருகிட்டச் சொல்லி உங்க மானத்த வாங்கிருவேன். ஷிரல்கா!”

கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

சாவுச் செய்தியோடு ஒரு வீட்டை நெருங்குகிற ஆண்கள், வாசலுக்கு வரும் முன்பே வாய்விட்டுக் கதறியபடி வருவது எங்கள் வழக்கம். ஒமுர்சாக் யோசித்துச் செய்யவில்லை. அந்தக் கதறல் தானாக வந்தது. “ஐயோ என் உடன்பிறப்பே! போயிட்டியே என் உடன்பிறப்பே!”

தட்டிய கை அப்படியே நின்றது. அசில்கான் முதலில் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், வழியில், இன்னொரு குதிரை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. பிறகுதான் கோட்டுக்கு வெளியே தொங்கிய கம்பளி அங்கியின் ஓரம் அவள் கண்ணில் பட்டது. அதன் கிழிசலை அவளே தைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்தது. ஒமுர்சாக் தானே போலீஸைக் கூப்பிட்டார். கோர்ட்டில் அசில்கான், “தெரியாம நடந்தது, எனக்கு வழக்கு வேணாம்” என்று சொன்னாள். அது அவரைச் சிறைக்குப் போகாமல் காப்பாற்றியது. அவர் சம்பந்தமாக அவள் பேசிய கடைசி வார்த்தையும் அதுதான். அன்றிலிருந்து தாயிர்பெக்கின் மந்தையையும் ஒமுர்சாக்தான் மேய்க்கிறார். காலையில் அவள் பட்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் ஓட்டிக்கொண்டு போவார். ஊளைக்காரன் அவள் ஆட்டைக் கொண்டுபோனால் மறுநாள் அவருடைய ஆடு ஒன்று அவள் பட்டியில் நிற்கும். அவருக்கென்று இப்போது சொற்ப ஆடுகள்தான். மாஸ்கோவுக்குப் போகிற எண்ணம் மட்டும் போய்விட்டது. அவள் மந்தையை யாரிடம் விட்டுப் போவது?

பள்ளத்தில் தாயிர்பெக் கடைசியாக வைத்த பொறியை யாரும் எடுக்கத் துணியவில்லை. சில நாள் கழித்து அதில் கூட்டத்தின் தலை ஓநாய் சிக்கியிருந்தது. அதைத் தூக்கி வந்தவர்கள் ஊருக்குள் பின்வழியாக வந்தார்கள். பார்த்தவர்கள் யாரும் ஷிரல்கா என்று கத்தவில்லை. ஒமுர்சாக் அதன் நகம் ஒன்றை வெட்டி வாங்கி, அசில்கான் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் அது அங்கே இல்லை. எடுத்துத் தொட்டிலில் கட்டினாளா, தூக்கி எறிந்தாளா என்று அவர் கேட்கவில்லை.

போலீஸ் தெர்மலைத் திருப்பித் தந்ததும் பிஷ்கெக்குக்குப் பஸ் ஏறி, அதை நூரிசாவின் மேசை மேல் வைத்தார்.

“என்னண்ணே, சரியா வேலை செய்யலையா?”

“நல்லா வேலை செஞ்சுது. நீ ரெண்டா வாங்கச் சொன்னே, நான்தான் கேக்கல.” வாசல்வரை போய்த் திரும்பினார். “இனிமே யாராவது வந்தா அந்தச் சால்வைய போர்த்திக் காட்டு தாயி. ஆனா சிரிக்காதே.”

அவள் விவரம் கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டார். பணம் எதுவும் வாங்கவில்லை.

இப்போது எங்கள் ஊரில் அநேகம் பேரிடம் தெர்மல் இருக்கிறது. சாயங்காலமானால் ஒமுர்சாக் பாலத்துக்கு வந்துவிடுவார். துப்பாக்கியோடு போகிற ஒவ்வொருவரையும் கேட்பார். திட்டுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். “கிழத்துக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்பார்கள். எங்களையும் கேட்டார். சித்தப்பா மகன் துப்பிவிட்டுப் போன பிறகு நான் மட்டும் நின்றேன்.

“கேட்டா வேட்டை கெட்டுரும்னு உங்களுக்குத் தெரியாதா பெரியப்பா?”

“தெரியும்” என்றார். “கெடட்டும்.”

அன்று நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன். மறுமுறை அதே பாலத்தில் அதே கேள்வி வந்தபோது, “கிழக்குச் சரிவுக்கு, பெரிய பாறைக்குக் கீழ” என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். “அங்க பக்கத்துல ரெண்டு பேரு ஏற்கெனவே போயிருக்கானுங்க. மேற்கால போ” என்றார். அந்த இரண்டு பேரில் ஒருவன் என் சித்தப்பா மகன். அவனும் பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இருட்டில் சூட்டைக் காட்டுகிற கண்ணாடியோடு வெளியே போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தாயிர்பெக்கின் அங்கியைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எங்கே போகிறாய் என்று கேளுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.